வேலிக்கு வெளியே நின்ற கவிஞன்

இயற்கையைப் பாடிய ஆங்கிலக் கவிஞன் யார் என்று கல்லூரி மாணவன் எவனையேனும் கேட்டுப் பாருங்கள். இமைப்பொழுதில் விடை வரும்: வேர்ட்ஸ்வொர்த்! நாமும் அவ்வாறுதான் விடை எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். டாஃபடில் மலரைக் கண்ணால் கண்டறியாத நாம், அதன் மஞ்சள் எழிலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினோம். இன்று வகுப்பறையில் நின்று, அதே மலரைக் கண்டறியாத சிறுவர்களுக்கு அதே இரண்டு பக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். விடியுமுன் ஆடு ஓட்டிவிட்டு, அதன்பின் பள்ளிக்கு வருபவன் அவன். "ஐயா, மலரைப் பார்த்து மகிழ அவருக்கு நேரம் இருந்தது, பாடினார். அந்த நிலத்திலே வேலை செய்தவன் எவனும் பாடவில்லையா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று கூறி, மணி அடித்ததும் நூலகத்துக்கு விரைந்தோம்.

பாடியவன் ஒருவன் இருந்தான், தோழர்களே! ஏர் பிடித்த கையால் எழுதுகோல் பிடித்தவன். களத்திலே கதிரடித்துவிட்டு, தன் தொப்பியையே மேசையாக்கிக் கவிதை தீட்டியவன். ஊரின் பொதுநிலம் வேலிக்குள் அடைபட்ட கொடுமையைத் தன் கண்ணால் கண்டு, அந்நிலத்துக்காக வாதாடியவன். அவன் பெயர் ஜான் கிளேர். பாடப்புத்தகத்தில் நாம் அவனைக் கண்டதில்லை. இங்கே அவன் வரலாற்றைக் காண்போம்.

குடிசையில் பிறந்த கவிதை

1793ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் கிளேர் பிறந்தான். தந்தை பார்க்கர் கிளேர், கதிரடிக்கும் கூலியாள். எழுத்துக் கூட்டிப் படிக்குமளவே கல்வி. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட நாட்டுப் பாடல்களை நாவிலே வைத்திருந்தவர். தாய்க்கு எழுத்தே தெரியாது. மகன் ஆண்டுக்குச் சில மாதங்கள் பள்ளிக்குச் சென்றான். மீதி மாதங்கள் தந்தையுடன் களத்துக்குச் சென்றான். சிறுவனின் கைக்கு ஏற்பச் சிறியதாக ஒரு கதிரடிக் கோலைத் தந்தையே செய்து தந்தாராம்.

பதின்மூன்று வயதில் ஜேம்ஸ் தாம்சன் எழுதிய 'பருவங்கள்' என்னும் கவிதை நூலை ஒருவரிடம் கண்டான். அதை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று துடித்தான். காசு சேர்த்து ஸ்டாம்ஃபோர்ட் நகருக்கு நடந்தே சென்று வாங்கினான். வேலை நாளில் ஏழைச் சிறுவன் வழியில் அமர்ந்து படித்தால் சோம்பேறி என்று ஊரார் ஏசுவர். அதற்கு அஞ்சி, வழியிலிருந்த பர்லி மாளிகைத் தோட்டத்தின் மதிலேறிக் குதித்து, மரங்களின் மறைவிலே அமர்ந்து படித்தான். பிரபு வீட்டுப் பிள்ளை படித்தால் அறிவு வளர்ச்சி. கூலிக்காரன் மகன் படித்தால் நேரக்கேடு! இந்த நீதி நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் பட்டது. நம் தந்தையர் எதிர்த்தது.

பிறகு அவன் செய்யாத வேலை இல்லை. விடுதியில் ஏவலாளாக இருந்தான். பர்லி மாளிகையில் தோட்ட வேலை செய்தான். சுண்ணாம்புக் காளவாயில் வெந்தான். உழுதான், அறுத்தான், கதிரடித்தான். இடையிடையே, கிடைத்த துண்டுத்தாளில் எழுதினான்.

வேலி வந்த கதை

அந்நாளில் ஹெல்ப்ஸ்டன் ஊரைச் சுற்றி மூன்று பெருவயல்கள் இருந்தன. வயல்களுக்கு நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு குடிக்கும் அங்கொரு கீற்று, இங்கொரு கீற்று என்று நிலம் இருக்கும். அறுவடை முடிந்ததும் தாளடியில் ஊர்மாடுகள் மேயும். வயல்களுக்கு அப்பால் புல்வெளி, புதர்க்காடு, சதுப்பு. ஏட்டில் அவற்றுக்கு யாரேனும் ஒரு பிரபு உரிமையாளராக இருப்பார். ஆயினும் மாடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், முட்புதர் வெட்டி அடுப்பெரிக்கவும், பழம் பறிக்கவும் ஊராருக்கு வழிவழி வந்த உரிமை இருந்தது. ஒரு பசு, சில வாத்து, ஒரு சுமை விறகு என்ற அளவிலே ஏழையின் வாழ்வு அந்தப் பொதுநிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டப் புத்தகம் அந்நிலத்துக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'வீண்நிலம்'!

வீணாகக் கிடப்பதைப் பயனுள்ளதாக்கப் போகிறோம் என்று புறப்பட்டனர் பெருநிலக்காரர்கள். ஊருக்கு ஊர் பாராளுமன்றத்தில் 'வேலியடைப்புச் சட்டம்' கொண்டுவந்தனர். 1604 முதல் 1914 வரை இத்தகைய சட்டங்கள் 5,200க்கு மேல் நிறைவேறின. அவற்றின் வழியே வேலிக்குள் அடைபட்ட நிலம் 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

ஊரார் சம்மதம் கேட்கவில்லையா எனில், கேட்டனர். ஆனால் எப்படிக் கேட்டனர்? தலைகளை எண்ணவில்லை, நிலத்தின் மதிப்பை எண்ணினர். பெரும்பகுதி நிலத்துக்குரிய சிலர் இசைந்தால், நூறு குடிசைகளின் எதிர்ப்பும் எடுபடாது. அந்தப் பாராளுமன்றத்தில் வீற்றிருந்தவர்களும் நிலக்கிழார்களே. வழக்காடியவரும் அவர், தீர்ப்பளித்தவரும் அவர், நிலம் பெற்றவரும் அவர்!

ஹெல்ப்ஸ்டனுக்கும் அண்டை ஊர்களுக்குமான சட்டம் 1809இல் நிறைவேறியது. கிளேருக்கு அப்போது பதினாறு வயது. அளவைக்காரர்கள் சங்கிலியுடன் வந்தனர். ஒற்றையடிப் பாதைகள் அடைபட்டன. வளைந்து ஓடிய ஓடைகள் நேராக்கப்பட்டன. மரங்கள் சாய்ந்தன. நேற்றுவரை நடந்த இடத்தில் 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகை முளைத்தது. இறுதித் தீர்வுப் பட்டயம் 1820இல் வெளியாயிற்று. அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு சிறுவன் இளைஞனானான். ஓர் ஊர் அயலூராயிற்று.

இதனினும் கொடிய ஒன்றுண்டு. வயிற்றுப் பாட்டுக்காக அந்த வேலிகளை நடும் கூலிக் கூட்டத்தில் கிளேரும் சேர்ந்து உழைத்தான்! தன் சுதந்திரத்தை அடைக்கும் வேலிக்குத் தன் கையாலேயே குழி தோண்டினான். இதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் வெறுமனே அமர்ந்திருந்தோம். அவனைக் குறைகூற நமக்கென்ன தகுதி? ஏழையைக் கொண்டே ஏழையின் வழியை அடைப்பது எக்காலத்தும் ஆதிக்கத்தின் கைவந்த கலை.

மறுதரப்பு சொல்வது என்ன?

ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது பகுத்தறிவாகாது. வேலியடைப்பை ஆதரித்தோர் கூறிய வாதத்தையும் கேட்போம். சிதறிக் கிடந்த கீற்றுகள் ஒன்றாயின. பயிர்ச் சுழற்சி எளிதாயிற்று. நல்லினக் கால்நடைகளை வளர்க்க முடிந்தது. சதுப்புகள் வடிந்தன. பெருகிவந்த நகரங்களுக்கு உணவு வேண்டியிருந்தது. இவற்றில் உண்மை உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் விளைச்சல் பெருகியது என்பது ஒரு கேள்விக்கு விடை. விளைந்தது யாருக்கு என்பது மற்றொரு கேள்வி. பத்திரம் காட்டியவருக்குப் பங்கு கிடைத்தது. பழக்கத்தால் மட்டுமே உரிமை பெற்றிருந்த குடிசைவாசி எதைக் காட்டுவான்? தன் பசுவையா காட்டுவான்? சிறு துண்டு நிலம் பெற்றவர்களும், வேலி போடும் செலவு தாங்காமல் அதை விற்றுவிட்டுக் கூலிக்குப் போயினர். வேலியடைப்புக்காக ஓயாமல் வாதாடியவர் ஆர்தர் யங் என்னும் வேளாண் அறிஞர். அவரே ஊரூராகச் சுற்றிப் பார்த்தபின் மனம் மாறினார். இருபது வேலியடைப்புச் சட்டங்களில் பத்தொன்பது ஏழைகளுக்குத் தீங்கிழைத்தன என்று 1801இல் எழுதினார். எதிரியின் சாட்சியன்று, ஆதரித்தவரின் வாக்குமூலம்!

புகழ் தந்த கையே கத்தரித்தது

1820ஆம் ஆண்டு சனவரியில் கிளேரின் முதல் நூல் இலண்டனில் வெளியாயிற்று. பதிப்பித்தவர் ஜான் டெய்லர். கீட்ஸ் என்னும் இளங்கவியின் நூல்களை வெளியிட்டவரும் அவரே. நூலின் முகப்பில், கவிஞன் பெயருக்கு அருகே 'நார்த்தாம்ப்டன்ஷயர்க் குடியானவன்' என்று அச்சிட்டனர். ஓராண்டளவில் நான்கு பதிப்புகள் கண்டது. அதே ஆண்டு வெளிவந்த கீட்ஸின் நூல்கூட அவ்வளவு விற்கவில்லை. பாடும் குடியானவனைப் பார்ப்பதற்கென்றே சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டி வந்தனர். கதிர் அறுத்துக்கொண்டிருப்பவனை வயலிலிருந்து வரவழைத்துப் பார்த்தனர். கூலி போயிற்றே என்று அவன் வருந்தியதை அவர்கள் அறிந்தாரில்லை.

பர்லி மாளிகைப் பிரபு ஆண்டுதோறும் 15 கினி தர ஒப்பினார். சிறுவனாக எந்தத் தோட்டத்தின் மதிலேறிக் குதித்துப் படித்தானோ, அந்தத் தோட்டத்துக்குரிய மாளிகையிலிருந்தே உதவித்தொகை! மற்றொரு புரவலர் கடற்படைத் தளபதி ராட்ஸ்டாக் பிரபு. பக்திமான், கிளேருக்காக நன்கொடையும் திரட்டினார். ஆனால் நூலைப் படித்த அவர் திடுக்கிட்டார். செல்வத்தின் பேராசையே தன் ஊரின் வயலையும் மரத்தையும் அழித்தது என்று கிளேர் சில அடிகளில் சினந்திருந்தான். அவ்வடிகளை நீக்காவிடில் ஆதரவு நீங்கும் என்றார் பிரபு. டெய்லர் முதலில் தயங்கினார், பின்னர் இணங்கினார். நான்காம் பதிப்பில் அவ்வடிகள் மறைந்தன.

பூவைப் பாடு, புரவலர் மகிழ்வர். பறவையைப் பாடு, பரிசு தருவர். பூ வாடியது யாரால், பறவை ஓடியது எதனால் என்று கேட்டால் மட்டும் கத்தரிக்கோல் வரும்! இயற்கைக் கவிதை என்றால் அரசியலற்ற கவிதை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டதே, அந்தப் பாடம் எங்கே தயாரானது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஆகவே, வேலியடைப்பைக் குறித்து அவன் நெஞ்சு கொதித்து எழுதிய சில கவிதைகள் அவன் வாழ்நாளில் அச்சேறவேயில்லை. அவற்றுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெல்ப்ஸ்டனுக்கு அருகே சுவோர்டி வெல் என்றொரு பழைய கற்குழி. அபூர்வச் செடிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்த இடம். வேலியடைப்பின்போது அதைச் சாலை செப்பனிடக் கல்லெடுக்கும் குழியாக ஊர்நிர்வாகத்திடம் ஒப்படைத்தனர். கிளேர் என்ன செய்தான்? அந்த நிலத்தையே பேச வைத்தான். ஊர்த் தருமத்தை நம்பி வாழும் ஏழையைப் போல, தன்னைத் தோண்டுவோர் முன் நிலம் தன் வழக்கை எடுத்துரைக்கிறது. நிலத்துக்கு வழக்காடும் உரிமை உண்டா என்று நீதிமன்றங்கள் இன்று ஆராய்கின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கூலிக்காரன் அதன் வாய்மொழியைப் பதிவு செய்துவிட்டான்.

மற்றொரு கவிதை, தன் குடிசைக்கு நிழல் தந்த எல்ம் மரத்தைப் பற்றியது. விடுதலை என்ற சொல்லை வாயிலே மென்றுகொண்டே மரத்தை வெட்டுகிறார்களே என்று அதில் சீறுகிறான். யாருடைய விடுதலை? வெட்டுபவனின் விடுதலை!

கண்ணால் கண்டவன்

கிளேரின் கவிதைக்கு மற்றொரு சிறப்பு உண்டு. பகுத்தறிவாளர் அதைக் குறிப்பாக மதிக்க வேண்டும். அவன் கண்டதையே பாடினான்.

பழங்கவிஞர்களிடம் இராப்பாடிப் பறவை என்றாலே சோகம்; கிரேக்கப் புராணத்தில் துயருற்ற இளவரசி பறவையான கதை அப்படி. நம் நாட்டிலும் இக்குறை உண்டு. அன்னம் பாலையும் நீரையும் பிரித்துண்ணும் என்றனர். சகோரம் நிலவொளியைப் பருகும் என்றனர். பிரித்ததைக் கண்டவர் யார்? பருகியதைப் பார்த்தவர் யார்? ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பறந்த பறவைகள் அவை, மரத்தில் அமர்ந்ததேயில்லை.

கிளேர் புதருக்குள் தவழ்ந்து சென்றான். இராப்பாடியின் கூட்டைத் தேடிக் கண்டான். உதிர்ந்த ஓக் இலைகளால் அது பின்னப்பட்டிருப்பதையும் முட்டைகளின் நிறத்தையும் எண்ணிக்கையையும் குறித்தான். தொடாமல், கலைக்காமல், பறவை அஞ்சாதபடி விலகி நடந்தான். அந்தப் பறவை சோகப் பறவையன்று என்பதையும் சொன்னான். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்களை அவன் அறிந்திருந்தான். செடிகள், நத்தைகள், பூச்சிகள் பற்றியும் குறிப்புகள் எழுதினான். அவன் ஊர்ப்பக்கத்து உயிரினங்களின் வரலாற்றை ஆராயும் அறிவியலார் இன்றும் அக்குறிப்புகளைச் சான்றாகக் கொள்கின்றனர். கீட்ஸின் திறமையை மதித்த அவன், இயற்கையை நேரில் காணாமல் கற்பனையில் கண்டு எழுதுகிறானே என்று குறையும் கூறினான். கூட்டைக் கண்டவனுக்கு அக்குறையைச் சொல்ல உரிமை உண்டு.

கண்டது போலவே மொழியும் அவன் ஊர் மொழிதான். நத்தைக்கும் குட்டைக்கும் தன் ஊரார் வழங்கிய சொற்களையே கவிதையில் வைத்தான். இலண்டன் பதிப்பாளர்கள் அவற்றைக் 'கொச்சை' என்று திருத்தினர். நிறுத்தக்குறியிட்டனர், வெட்டினர், ஒட்டினர். கல்வியில் இலக்கணம் என்பது ஆட்சியில் கொடுங்கோன்மை போன்றது என்று கிளேர் கடிதத்தில் கொதித்தான். 1827இல் வந்த 'ஆயனின் நாட்காட்டி' என்னும் நூல் அவ்வாறு வெகுவாகக் குறைக்கப்பட்டே வெளிவந்தது. அவன் எழுதியவாறே அது அச்சில் வந்தது எப்போது? 1964இல்! நிலத்துக்கு ஒரு வேலி. மொழிக்கு ஒரு வேலி. இரண்டையும் நட்டவர்கள் ஒரே கூட்டத்தார்.

பழந்தமிழ்ப் புலவர் மரபில் நமக்கு இங்கே ஓர் உரம் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் கூறுமிடத்து உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றுடன் மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணுகிறது. உழைப்பவனை நீக்கிவிட்டு இயற்கையை வரைவது திணையாகாது என்பதே அதன் கருத்து. கிளேர் தொல்காப்பியத்தைக் கேள்விப்பட்டவனல்லன். ஆயினும் அவன் பாடிய வயலில் மாடும் உண்டு, மேய்ப்பவனும் உண்டு.

காட்டுக்குள் சிறை

1832இல் ஹெல்ப்ஸ்டனிலிருந்து மூன்று மைல் தொலைவிலுள்ள நார்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தான். மூன்று மைல்தானே என்பீர். ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லி அறிந்தவனுக்கு அது நாடு கடத்தல். நூல்கள் விலைபோகவில்லை. பிள்ளைகள் பெருகினர், கடன் பெருகிற்று. மனம் நிலைகுலைந்தது. 1837இல் எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச் என்னுமிடத்து மனநல விடுதியில் சேர்க்கப்பட்டான்.

1841 ஜூலையில் அங்கிருந்து தப்பினான். கையில் காசில்லை, கால் செருப்பு தேய்ந்தது. பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றான். நான்கு நாட்களில் ஏறத்தாழ எண்பது மைல் நடந்து ஊர் சேர்ந்தான். சிறுவயதில் தான் விரும்பிய மேரி ஜாய்ஸ் தனக்காகக் காத்திருக்கிறாள் என்ற மயக்கத்தில் நடந்தான். வசதியுள்ள குடியானவரின் மகள் அவள், கூலிக்காரனுக்கு எட்டாதவள், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தாள். அவ்வாண்டு இறுதியில் அவனை நார்த்தாம்ப்டன் மனநல விடுதிக்கு அனுப்பினர். நோய்க்குக் காரணமென மருத்துவர் எழுதி வைத்தது என்ன? பல்லாண்டு கவிதையில் மூழ்கிக் கிடந்தமை! வறுமை காரணமன்று, வேலி காரணமன்று, கவிதை காரணமாம்!

அங்கும் பாடினான். விடுதி மேலாளர் வில்லியம் நைட் அப்பாடல்களைப் படியெடுத்துக் காத்தார். 1864 மே 20ஆம் நாள், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த அந்த விடுதியிலேயே கிளேர் மறைந்தான். உடல் ஹெல்ப்ஸ்டனுக்குத் திரும்பிற்று.

கோடரியின் உரிமை

அவன் மறைந்த சில ஆண்டுகளில், அவன் முதலில் அடைபட்டிருந்த அதே எப்பிங் காட்டில் ஒரு போர் மூண்டது. லௌட்டன் ஊரைச் சேர்ந்தவர் தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகுவெட்டி. குளிர்காலத்தில் காட்டு மரங்களின் கிளை வெட்டும் வழிவழி உரிமை அவ்வூராருக்கு இருந்தது. நிலப்பிரபு காட்டை அடைத்தார். வில்லிங்கேல் குடும்பத்தார் வேலியைக் கடந்து கிளை வெட்டினர். 1866இல் சிறை சென்றனர். 1865இல் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. இலண்டன் மாநகராட்சியும் வழக்கில் இறங்கி 1874இல் வென்றது. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ 6,000 ஏக்கர் காடு இன்றும் மக்களுக்குத் திறந்து கிடக்கிறது.

காட்டைக் காத்தது கோடரி பிடித்த கை! வெட்டுகிறவன் எப்படிக் காத்தான் என்று வியக்க வேண்டாம். கிளை வெட்டியவனுக்கு மரம் அடுத்த ஆண்டும் வேண்டும். வேலி போட்டவனுக்கு மனை வேண்டும்; மரம் வேண்டாம். எனினும் அச்சட்டம் கிளை வெட்டும் உரிமையைப் பறித்துக்கொண்டது. ஈடாக 1884இல் லௌட்டனில் ஒரு மன்றக் கட்டடம் எழுந்தது. காடு பிழைத்தது, காட்டைக் காத்தவனின் அடுப்பு அணைந்தது. வெற்றியை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

வேர்ட்ஸ்வொர்த்தை நாம் தள்ளிவிடவில்லை. தன் ஏரி மாவட்டம் நாட்டு மக்களின் பொதுச்சொத்து போன்றது என்று எழுதியவன் அவன். அவ்வெண்ணம் வளர்ந்து, 1951இல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. ஆயினும் 1844இல் விண்டர்மியர் ஏரிப்பக்கம் இரயில் வரப்போகிறது என்றதும் எதிர்த்து எழுதினான். ஆலைத் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக வந்தால் அவர்களுக்கு அழகை நுகரும் பயிற்சி இல்லையே என்பது அவன் கவலைகளுள் ஒன்று. இங்கேதான் இரு கவிஞர்களும் பிரிகின்றனர். மலையை மக்களிடமிருந்து காக்க ஒருவன் கவலைப்பட்டான். மக்களுக்காக மேய்ச்சல் நிலத்தை ஒருவன் கேட்டான். சுற்றுச்சூழல் பேசும் இளைஞர் ஒவ்வொருவரும் தாம் எவன் பக்கம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வேலிகள்

கிளேர் பிறந்த அதே 1793ஆம் ஆண்டில்தான் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்து, நிலத்தை ஜமீன்தார்களுக்கு உரிமையாக்கினான். 1802 முதல் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் அது பரவிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. மேய்ச்சலும் விறகும் அனுமதிக்குரியவை ஆயின. பிறந்த காட்டிலேயே மலைமக்கள் குற்றவாளிகளாயினர். அவர்கள் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் வர 2006ஆம் ஆண்டு ஆயிற்று.

'வீண்நிலம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடமும் ஓர் உடன்பிறப்பு உண்டு: புறம்போக்கு. தனியார் பட்டாவுக்குப் புறம்பாக, ஏரிக்கும் மேய்ச்சலுக்கும் பாதைக்கும் பொதுவாக நின்ற நிலம் அது. இன்று அச்சொல் வசைச்சொல்! பொதுவானது எதுவோ அது இழிவானது என்று நம் நாக்கே பழகிவிட்டது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பைப் பாருங்கள். மழைநீரைத் தாங்கிய கழுவெளி அது; பயனற்ற நிலம் என்று கருதிக் குப்பையைக் கொட்டினர்; கட்டடங்களை எழுப்பினர். எஞ்சிய பகுதிக்கு 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலக மதிப்பு கிட்டியது. கிளேரின் சுவோர்டி வெல்லும் இருபதாம் நூற்றாண்டில் குப்பைக் குழியாகிப் பிறகு மீண்டது. இன்று இயற்கைக் காப்பிடம். ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பாளரிடமிருந்து மீட்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கிறது, நிலம்?

இளைஞர்களே! மரம் நடும் விழாவுக்கு மாலையுடன் வருவோர் பலர். நட்ட மரம் யார் நிலத்தில், அந்நிலத்தில் நேற்றுவரை மேய்ந்த ஆடு இன்று எங்கே என்று கேட்போர் சிலர். அந்தச் சிலருள் நீங்கள் இருக்க வேண்டும். உங்கள் ஊர் ஏரியின் பரப்பு பதிவேட்டில் எவ்வளவு, நேரில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். கரையில் நிற்கும் மரத்துக்கும் வந்திறங்கும் பறவைக்கும் உங்கள் பாட்டி வழங்கும் பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத மரத்துக்காக எவனும் போராட மாட்டான்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனுக்கு விடை சொன்னோம். கிளேரின் கதையைக் கேட்டு முடித்ததும் அவன் வினவியது ஒன்றே: "அந்த வேலி இன்னும் இருக்கிறதா, ஐயா?" இருக்கிறது என்றோம். டாஃபடிலை அன்று ஒத்திவைத்தோம். எங்கள் ஊர் மேய்ச்சல் வெளியில் காணும் பறவைகளின் பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினோம். முப்பத்திரண்டு பெயர்கள் வந்தன. அவற்றுள் பதினெட்டு, ஆடு மேய்க்கும் அந்த மாணவன் சொன்னவை. நாம் அறிந்திருந்தவை ஒன்பது.